தலை தட்டிய வள்ளம்

எங்கள் வீட்டுக்குப் பட்டப்பெயர் மூணுவள்ளத்தார்.
கல்யாணப் பத்திரிகையில் அச்சடிப்பதில்லை.
புதுத் தபால்காரர் மட்டும்
அதைச் சொல்லித்தான் வழி கேட்பார்.

தாது வருசத்தில்
மூன்று வள்ளம் கேழ்வரகுக்கு
ஏரியோரக் காடு நாலு ஏக்கர் கைமாறியது.
கொடுத்தவர் ஊமைக்கண்ணு.
வாங்கியவர் எங்கள் ஆள்;
பெயர் தெரியும், சொல்வதில்லை.

அந்த வருசத்தில்
ஆளுக்கொரு துண்டு வைத்திருக்கிறது ஊர்.
டேனிஷ்பேட்டை ஸ்டேஷனில் சரக்கு ரயில் நின்று போனால்
ஜல்லிக்கு நடுவே விளக்குமாறு போட்டுக் கூட்டினார்களாம்,
அரிசியும் கரியும் ஒரே நிறமாக.
காப்பித் தோட்டத்தில் கூலி உண்டென்று
சேர்வராயன் மலை ஏறியவர்கள்
பாதிப்பேர் முதல் ஊற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.
ஆடு மேய்ப்பவர்கள் இன்றும்
அங்கே சோற்றுப் போசியைத் திறப்பதில்லை.
எறும்புப் புற்றைத் தோண்டித் தினை எடுத்த ஒருத்தன்
ஒரு பிடியை எறும்புக்கே வைத்துவிட்டுப் போனானாம்.
அவனும் செத்தான் என்கிறார்கள்.
எறும்பைப் பற்றித் தகவல் இல்லை.

ஊமைக்கண்ணு வீட்டாரிடமும் ஒரு துண்டு உண்டு.
நிலம் போனதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது.
பஞ்சத்தில் யார்தான் விற்கவில்லை?
கும்பலாக அளக்க வேண்டிய வள்ளத்தை
எங்கள் ஆள் உள்ளங்கையால் தலை தட்டினார்,
மூன்று வள்ளத்துக்கும் மூன்று முறை.
வழிந்ததைத் தன் துண்டில் ஏந்திக்கொண்டார்.
அவ்வளவுதான்.
நூற்றைம்பது வருசமாக
அவர்கள் எங்கள் வீட்டில் கை நனைப்பதில்லை.

எனக்கு ரேஷன் கடையில் வேலை கிடைத்தபோது
ஊர் சிரித்தது.

இங்கே வள்ளமும் இல்லை, படியும் இல்லை.
மின்னணுத் தராசு, சிவப்பு எண்கள்.
எண்ணுக்குத் தலை கிடையாது, தட்ட முடியாது.
ஆனாலும் மாதாமாதம்
ஊமைக்கண்ணு வழியில் வந்த பூங்காவனம்
அரிசியைப் பார்ப்பதில்லை, எண்ணைப் பார்ப்பதில்லை,
என் உள்ளங்கையைப் பார்க்கிறாள்.

நேற்று இருபது கிலோவுக்கு மேல்
ஒரு கை அள்ளிப் போட்டேன்.
ஏனென்று கேட்காதீர்கள்.
மழை, வரிசையில் வேறு ஆளில்லை.
தராசு நூற்று நாற்பது கிராம் கூடக் காட்டியது.

அவள் பைக்குள் கைவிட்டு
அள்ளி, பார்த்து, இன்னும் கொஞ்சம் அள்ளி
என் சாக்கில் திரும்பப் போட்டாள்.
எண் இருபதில் வந்து நின்றது.
“சரியா இருக்கு, பில்லு போடு.”

ரேகை மெஷினில்
அவள் கட்டைவிரல் இரண்டு தடவை பதியவில்லை.
மழை ஈரம்.
தோளில் கிடந்த துண்டை நீட்டினேன்.

முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.