எட்டிப் பார்த்த சூடு

பிப்ரவரி. கோதன்பர்க் துறைமுகத்தில் நீர் விறைத்துவிட்டது.
டிராம் கண்ணாடியில் என் மூச்சே படிந்து உறைகிறது.
எங்கள் கீழ்த்தளத்தில் தொங்கும் உருளைக்கு
இதெல்லாம் கொல்லன் உலை.

அதன் அடிவயிற்றில், ஹீலியமும் ஹீலியமும் கலந்து கலந்து
வெப்பத்தின் கடைசிச் சில்லறையை வழித்தெடுக்கும் இடத்தில்,
முடி அகலத்துக்கு ஓர் அலுமினியப் பறை.
பக்கத்தில் ஒரு குயூபிட்.

பறைக்கு இன்னும் நடுக்கம் போகவில்லை.
குளிரில் வருகிற நடுக்கம் அல்ல, நேர்மாறு.
மிச்சச் சூடு. எண்ணினால் இருபது சொச்சம் துளி.

குயூபிட் ஒரு துளி வாங்கும்,
குளிர்ந்த வடத்தில் கொட்டும்,
வெறுங்கையோடு திரும்பும்.
மறுபடி வாங்கும்.

செப்டம்பரில் டோர்கெலின் படகில்
நானும் இதைத்தான் செய்தேன்,
பால் டப்பாவை அரிந்து.
அடியில் எங்கோ கசிவு.
இறைப்பதும் ஊறுவதும் சமமானபோது
கணுக்காலில் நின்றது நீர்.
'மூழ்கவில்லையே, போதாதா?' என்றான்.
எனக்குப் போதவில்லை.

செவ்வாய் இரவு
எண் நான்கில் நின்றது. இறங்க மறுத்தது.
குயூபிட்டுக்கே குளிர் விட்டுப்போயிருந்தது.
பம்பைச் சந்தேகித்தோம்.
காந்தக் கவசத்தைச் சந்தேகித்தோம்.
ஹென்னிங் வைத்த பற்றைச் சந்தேகித்தோம்;
அவன் கோபித்துக்கொண்டு பன் வாங்கப் போனான்.

மூன்று மணிக்கு யில்வா மெல்லக் கேட்டாள்:
'நாம் எவ்வளவு அடிக்கடி பார்க்கிறோம்?'

பார்க்கிற கம்பி வழியாகவே
இறங்கிக்கொண்டிருந்தது சூடு.
ஆறிவிட்டாயா ஆறிவிட்டாயா என்று
கேட்டுக் கேட்டே
சுட வைத்திருக்கிறோம்.

அளக்கும் நுண்ணலையை நிறுத்தினாள்.
திரையில் கோடு படுத்துக்கொண்டது.
இனி அது குளிர்கிறதா என்று
யாருக்கும் தெரியாது.
அப்படித் தெரியாமல் இருக்க
எங்களுக்குப் பழக்கமில்லை.
யில்வா நகம் கடித்தாள்.
நான் பம்பின் சிணுங்கலை எண்ணினேன்,
நூற்றுப் பத்தில் விட்டுவிட்டேன்.
ஹென்னிங் ஏலக்காய் பன்னோடு வந்து
ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தான்.

விடியுமுன், விட்டு விட்டுப்
பத்து முறை எட்டிப் பார்த்தோம்.
எட்டு முறை பறை சும்மா இருந்தது.
சும்மா என்றால் முழுச் சும்மா இல்லை,
எந்தக் கையாலும் இறைக்க வராத ஓர் அசைவு
அடியில் உண்டு.
அதைப் பறையிடமே விட்டுவிட வேண்டியதுதான்.

வீடு திரும்பும் டிராமில் போனைத் திறந்தேன்.
'இன்னும் கோபமா?'
நேற்று மட்டும் நான்கு தடவை
டோர்கெலிடம் கேட்டிருக்கிறேன்.
ஐந்தாவதைப் பாதி அடித்திருந்தேன்.
அழித்தேன்.
விரலில் ஏலக்காய் மணம்.
கண்ணாடியில் என் மூச்சு உறைந்து, கொஞ்சம் உருகி,
மறுபடி உறைந்தது.