பராரை, எலும்போடு, 500 கிராம்

கோரமங்களாவில் மூன்றாம் மாடி,
ஏசிக்கு நேர் கீழே என் நாற்காலி.
கறி விற்கும் ஆப்.
கத்தி இல்லை, கட்டை இல்லை, ஓர் ஈ கூட இல்லை.
எனக்கு ஒதுக்கியது எக்செல்லில் ஒரே ஒரு பத்தி: தமிழ்.

இந்திக்கு இருந்த நிகாரிகா
'ரான்' என்று தட்டிவிட்டு நகத்தைப் பார்த்தாள்.
கன்னடத்துக்கு யதீஷ்
'தொடெ' என்று போட்டுவிட்டு டீக்குப் போய்விட்டான்.
பதினேழாம் வரிசையில் நான் மட்டும்
ஆட்டின் பின்னங்காலைப் பிடித்தபடி.

தொடை என்று எழுதலாம்.
ஆனால் எதுகைத் தொடை, மோனைத் தொடை, முரண்தொடை என்று
ஐந்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தவளுக்கு
அது இன்னும் வேகவில்லை.

கால் என்றால் கால் கிலோவா என்பார்கள்.
கால் கிலோ கால்.
சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன்.
பக்கத்து சீட் ஹெட்போனைக் கழற்றியது.

சந்து: அதுதான் எங்கள் ஊர்க் கறிக்கடைச் சொல்.
முன்னஞ்சந்து, பின்னஞ்சந்து.
சோதனைக்குத் தேடினேன்.
எந்தச் சந்து, எத்தனையாவது கிராஸ் என்று
டெலிவரி முகவரி கேட்டது ஆப்.

சனிக்கிழமை ரசல் மார்க்கெட்டின் பின்புறம்.
நூருல்லா நான்கு பாஷையில் விலை சொல்வார்,
வெட்டும்போது எதிலும் பேசமாட்டார்.
வெட்டி முடித்துச் சொன்னார்:
"நம்ம கடைல ரான்தாம்மா. தமிழாளு வந்தா சந்து.
கன்டோன்மென்ட் பக்கத்துக்காரங்க லெக்கும்பாங்க.
தராசுக்கு எல்லாம் ஒண்ணுதான்."
முழங்கை வரை கொழுப்பு மின்னியது.
"அரையா, ஒண்ணா?"

அரை.
அந்தச் சொல்லோடு பஸ் ஏறினேன்.
இரவு பிஜியில், மேல் கட்டிலில்,
போனில் அகராதியைத் தள்ளிக்கொண்டே போக
வந்து நின்றது: பராரை.
பருத்த அரை.
மரத்துக்குச் சொன்னால் அடிமரம்,
செம்மறிக்குச் சொன்னால் தொடை.
தடாரி கொட்டிப் பாடி, பசித்து வந்து நின்ற ஒருவனுக்கு
ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு
வேகவைத்துக் கொடுத்திருக்கிறார்கள் இதை.
வேம்பின் அடியையும் ஆட்டின் தொடையையும்
ஒரே உள்ளங்கையால் தட்டிப் பார்த்த யாரோ
வைத்த பெயராக இருக்கவேண்டும்.

திங்களன்று ஏற்றினேன்.
வியாழன் வரை யாரும் கவனிக்கவில்லை.

வியாழன், பிரெஸில்லா மேடம், வேலூர்க்காரர்:
"பராரியா? வீடு வாசல் இல்லாதவனையா விக்கிறோம்?"
சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.
மூன்று வருஷத்தில் நான்கு பிஜி மாறியதை
அங்கே சொல்லத் தோன்றவில்லை.
ஐ-க்கும் இ-க்கும் நடுவே
எவ்வளவு கறி போய்விடுகிறது!

மாற்றினேன்:
மட்டன் லெக் பீஸ். தமிழ் எழுத்தில்.
இனி யாருக்கும் சந்தேகம் வராது.

பிறகு கணக்கு வந்தது.
அந்த மூன்று நாளில் பராரைக்கு நான்கு ஆர்டர்.
மூன்று பேர் படத்தைப் பார்த்து வாங்கியவர்கள், நிச்சயம்.
நான்காவது அல்சூரிலிருந்து.
தேடல் கட்டத்தில் தானே தட்டியிருக்கிறார்,
எழுத்து எழுத்தாக, றகரம் போட்டு ஒரு முறை,
அழித்து, சரியாக ஒரு முறை.
குறிப்பில் ஒரே வரி:
"குக்கர்ல எத்தனை விசில்?"

அகராதியில் இல்லை. பாட்டிலும் இல்லை.

ஞாயிறு, பிஜி ஓனர் ஊருக்குப் போன தைரியத்தில்
நூருல்லாவிடம் வாங்கிய அரை,
கொத்தமல்லி விதை, மிளகு, கல் உப்பு, தண்ணீர்.
நான்கில் கத்தி நின்றது.
ஆறில் எலும்பு மட்டும் அசைந்தது.
ஏழில் கழன்றது.

ஆபீஸ் லாகினைத் திறந்தேன்.
அல்சூரின் உரையாடல் மூடப்பட்டிருந்தது,
"உங்கள் பிரச்சினை தீர்ந்ததா?" என்ற கேள்வியோடு.
ஆம், இல்லை, இரண்டே பொத்தான்.
எண் அடிக்க இடமில்லை.

ஏழு விசில்.
அப்புறம் ஆவி தானாக அடங்கணும்.