நாலாவது படி

வாலிநோக்கம். உப்பளத்துக்குப் பின்பக்கம்
ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை.
இருநூறு லிட்டர் நீல டிரம்மில்
பாத்திரம் கழுவும் திரவம்
மோர்த்தண்ணியாய்க் கிடக்கிறது.
காலை பத்துக்கு ஏர்வாடி லாட்ஜுகளுக்குப் போயாக வேண்டும்.

துடுப்பு நம்புசெல்வி கையில்.
படி என் கையில்.
பங்குப் பணத்தில் முறைத்துக்கொண்ட நாளிலிருந்து
எங்களுக்குள் பேச்சு
‘ம்’ வரைக்கும்தான்.

சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால்.
வாலுக்குத் தண்ணீர் ஆகாது.
வால்கள் உள்ளே ஒளிய
தலைகள் வெளியே காவல் நின்று
உருண்டை கட்டும்.
எல்லாத் தலையிலும் அதே எதிர்மின்சுமை,
அதனால் தள்ளிக்கொண்டே இருக்கும்.
சின்னச் சின்ன உருண்டையாய் நழுவும்,
ஒன்றும் கெட்டிப்படாது.

முதல் படி கல்லுப்பு.
சோடியம் போய்த் தலைகளுக்கு நடுவே நிற்கிறது.
சமாதானமெல்லாம் பேசுவதில்லை.
சாயல்குடி பஸ்ஸில்
இரண்டு பேர் சீட்டில் முட்டி மடக்கி உட்காரும்
மூன்றாம் ஆள் அது.
இரண்டாம் படி.
உருண்டை நீள்கிறது.
மூன்றாம் படி.
புழுப்புழுவாய் நீண்டவை ஒன்றோடொன்று பின்ன
துடுப்பு கனக்கிறது,
நம்புசெல்வியின் முன்கை நரம்பு புடைக்கிறது.
‘ம்’ என்றாள்.
போதும் என்றா, போடு என்றா?

கோயம்புத்தூர்க்காரர் எழுதித் தந்த தாளில்
நாலு படி.
போட்டேன்.

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை,
இளகிவிட்டது.
துடுப்பு தன்பாட்டுக்குச் சுற்றுகிறது.
மேலாக ஒரு கலங்கல்,
மழை தராத மேகம்.

போர்த் தண்ணீரை அப்போதுதான்
நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
தாள் எழுதியவருக்குச் சிறுவாணி.
எங்களுக்குக் கடல்,
மண்ணுக்கடியில் நடந்து வந்து
எனக்கு முன்னமே
ஒரு படி போட்டுவிட்டுப் போயிருக்கிறது.

ஜெனரேட்டர் இருமியது.
டிரம்மை நான் பார்க்க, அவளும் டிரம்மையே பார்க்க,
நாலு மாதத்தில் முதல் முழு வாக்கியம்:

“பாதிய அந்த டிரம்முக்கு மாத்து, ஹைருன்.
ஸ்லரி இன்னும் மிச்சம் கெடக்கு.
என் வீட்டுல காவேரித் தண்ணி நாலு குடம் இருக்கு,
எடுத்துட்டு வாரேன்.”

வாசல் வரை போனவள் திரும்பினாள்.

“குடம் பதினஞ்சு ரூவா.
கணக்குல எழுது.”

எழுதினேன்.
பேனா பிடித்த விரலில்
உப்பு இன்னும் நறநறத்தது.