ஒரு சென்டிமீட்டர்

ஃபோன்சவன் பட்டறைக்கு
சுவிட்சர்லாந்திலிருந்து பிளாஸ்டிக் தகடு வரும்,
வியட்நாமிலிருந்து ரப்பர் பாதம்.
திருகாணி எங்கிருந்தென்று பெட்டியில் எழுதியிருக்காது.
ஆளும் வருவார்: இந்த ஆண்டு
எத்தியோப்பியாவின் வொர்க்னே.
நான் இடையில் நிற்கும் வாய்.
அவர் ஆங்கிலத்தை லாவோவாக்கி
லாவோவை ஆங்கிலமாக்கி
மாலையில் யாருடைய சொல்லும் கையில் இல்லாமல்
பேருந்து ஏறுகிறவள்.

புவாலய் நெல்வயலில் மிதித்தது
அவள் பிறப்பதற்குமுன் விழுந்த குண்டு.
இது அவளுக்கு நான்காவது செயற்கைக் கால்.
வலிக்கிறதா? இல்லை.
உரசுகிறதா? இல்லை.
எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? சந்தைவரை.
படிவத்தில் எல்லாக் கட்டமும் நிறைந்துவிட்டது.
எழுந்தபிறகு சொன்னாள்:
"வீட்டுக்குள் மட்டும் பின்பக்கமாக விழுகிறேன்."

அதற்குக் கட்டமில்லை.
சொன்னதைச் சொன்னேன்.
வொர்க்னே என் வாயைப் பார்த்தார்,
பிசகு அங்கேதான் இருக்கும் என்பதுபோல.
மறுபடி கேட்டேன். மறுபடி அதே.

வியாழக்கிழமை போனோம்.
ஏணியடியில் அவள் செருப்பைக் கழற்றினாள்,
நான் கழற்றினேன், ஓட்டுநர் கழற்றினார்.
வொர்க்னே சப்பாத்தின் நாடாவை அவிழ்க்க
வெகுநேரம் ஆனது.
இடது காலுறைக்கு மேலே
தகட்டின் அதே பழுப்பு நிறம்.
எட்டு மாதம் பக்கத்தில் நின்றவள் நான்.
மொழிபெயர்க்கச் சொல்லி யாரும் கேட்காததால்
தெரியாமலே போயிற்று.

மூங்கில் தரையில் நின்றார்.
மயிரிழை பின்னால் சாய்ந்து
சுவரைத் தொட்டார்.
அவள் சிரித்துவிட்டாள்.

பாதத்தைச் செய்தவர்கள்
சப்பாத்து போட்டபடி யோசித்திருக்கிறார்கள்.
குதிக்கு ஒரு சென்டிமீட்டர் அது தரும் என்று நம்பி.
கழற்றினால்
அவ்வளவு பின்னே சரிகிறது உலகம்.

"எங்கள் கோயிலிலும் கழற்றத்தான் வேண்டும்" என்றார்.
"நான் தூணில் சாய்ந்தே நிற்பேன்.
பக்தி என்று நினைத்தார்கள்.
நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்."

அவள் மகனின் ரப்பர் செருப்பு ஒன்று
ஏணியடியில் கிடந்தது.
காய் நறுக்கும் கத்தியால் ஆப்புபோல் சீவி
குதிக்கடியில் துணியால் கட்டினார்.
அவள் ஏதோ சொன்னாள், அவர் ஏதோ சொன்னார்.
இருவரும் அவரவர் ஊர்ப் பேச்சில்.
நான் தண்ணீர் குடித்தேன்.
சோற்றுக்கூடையை இரண்டு கையாலும் தூக்கி
அடுப்பிலிருந்து சன்னல்வரை நடந்தாள்.
திரும்பி வந்து
பையனுக்குப் புதுச்செருப்பு யார் தருவது என்று
கறாராகக் கேட்டாள்.
இதை மொழிபெயர்த்தேன்.

இந்த வாரம் தலைமையகத்திலிருந்து கடிதம்:
"குழந்தைச் செருப்பு, ஒரு ஜோடி,
முப்பதாயிரம் கிப். விளக்கம் தேவை."

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன்.
அவர்கள் மொழியிலும்
வீட்டுக்குள் என்பதற்குச் சொல் இருக்கிறது.
அந்தச் சொல்லில் வாசல் இருக்கிறது, கூரை இருக்கிறது,
செருப்பைக் கழற்றுவது மட்டும் இல்லை.