கழுத்துக் காசு

வாயில் பென்சில் இருக்கும்போதுதான்
எல்லோருக்கும் என்னிடம் கேள்வி வரும்.

பிறவியிலேயேவா?
சாப்பாடு யார் ஊட்டுகிறார்கள்?
கல்யாணம்?

பல்லைத் தளர்த்தினால் கோடு கெட்டுவிடும்.
புருவத்தால் பதில் சொல்வேன்.
சிரிக்கிறேன் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

திங்களன்று மத்ராவில் வெள்ளைக் கப்பல்.
இறங்கியவர்களெல்லாம்
சாம்பிராணி மணக்கும் சந்துக்குள் போய்
கனத்த பைகளோடு திரும்பினார்கள்.
ரூவியில் மகள் வீட்டுக்கு வந்திருந்த
தூத்துக்குடி அம்மா ஒருத்தி
என் வெற்றுச் சட்டைக்கைகளைத் தடவி
"கடவுள் ஒண்ணை எடுத்தா" என்று ஆரம்பித்தாள்.
எடுத்தது ரெண்டு, எண்ணிப் பாருங்கம்மா
என்று சொல்லியிருப்பேன்.
பென்சில்.

ஜெர்மன்காரர் ஒருவர்
ஐந்து ரியாலை வைத்துவிட்டு
படத்தை எடுக்காமல் போனார்.
அவர் முகம்தான் அது. நாற்பது நிமிடம்.
இப்படி விட்டுப்போன முகங்கள்
பையில் பதினேழு இருக்கின்றன.
அண்ணன் அவற்றின் முதுகில்
மளிகைக் கணக்கு எழுதுகிறான்.

அஸர் தொழுகை முடிந்து தாத் முகமது வந்தான்,
குவாதர்க்காரன், சூக்கில் கைவண்டி தள்ளுகிறவன்.
வண்டிமேலேயே உட்கார்ந்து
என்ன விலை என்றான்.

மூன்று ரியால்.
மூன்றா! உள்ளே படச்சட்டமே ஒன்றரைதான்.
சட்டத்துக்குக் கண் வரையத் தெரியுமா?
ஒன்று.
இரண்டரை.
வாயால்தானே வரைகிறாய், கை வலிக்காதே.

பென்சிலை மடியில் துப்பிவிட்டுச் சிரித்தேன்.
கழுத்து வலிக்கும் என்றேன், என் ஓட்டை இந்தியில்.
சரி, இரண்டு. கழுத்துக்குத் தனியாக நூறு பைசா.

வரைந்து முடித்ததும்
தாளை வெயிலில் பிடித்துப் பார்த்தான்.
காது என்னுடையது இல்லை.

இந்தக் கடற்கரைச் சாலையில் ஏழு வருடமாக
என் படங்கள் எல்லாமே அற்புதம்.
தப்பு என்று ஒரு மனிதர் சொன்னதில்லை.

இங்கே பார், மடல் மடிந்திருக்கும்,
என் மகளுக்கும் இதே காது,
முதலில் அதைத்தான் தேடுவாள்.
பார்த்தேன். மடிந்துதான் இருந்தது.
ஜெர்மன்காரரின் காதை
கழுத்துவாக்கில் இவனுக்கு வைத்திருக்கிறேன்.

நாக்கால் பென்சிலைத் திருப்பினேன்,
ரப்பர் முனை வெளியே.
அழித்த தூளை அவன்தான் ஊதினான்,
கொஞ்சம் என் மூக்கில் ஏறியது.
மறுபடி வரைந்தேன்.
ம்ம், என்றான். அவ்வளவுதான்.

இரண்டு ஒற்றை நோட்டு.
சில்லறை இல்லை, நூறு பாக்கி, நாளைக்கு.
சுருட்டிய தன் முகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
யாருடைய பெட்டிகளையோ தள்ளிப் போனான்.

இன்று வியாழன்.
கழுத்துக் காசு இன்னும் வரவில்லை.
வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம்
பென்சிலைத் துப்பத் தயாராக இருக்கிறேன்.