மோர்ப்பண்ணை விலக்கு

ஐஸ் பில்லின் பின்பக்கம் எழுதுகிறேன்:
மூக்கையூர், முதல் வண்டி, நாலு ஐம்பது.
நாலு ஐம்பது என்பது ஐந்தும் ஆகலாம்,
டிரைவர் சாயல்குடியில் அசந்துவிட்டால்
ஆறே காலும் ஆகலாம்.
டெப்போவுக்கு மூன்று முறை போன் போட்டேன்.
மணி அடித்தது, அவ்வளவுதான்.

நடக்கப் போறவளுக்கு எதுக்கு இத்தனை வண்டி
என்கிறாள் எதிர்வீட்டு பிலோமினா.
நியாயம்தான்.
வேளாங்கண்ணிக்கு நடந்து வருவதாக நேர்ந்தவள்
நடை தொடங்கும் இடத்துக்குப் போய்ச் சேர
மூன்று பேருந்து மாற வேண்டியிருக்கிறது.

இங்கிருந்தே நடக்கலாம்.
ஆனால் என் வாய் அன்றைக்கு அப்படிச் சொல்லவில்லையே.
மண்டபம் வடகரையில் அவர் ஏறிப்போன படகு
நாலு நாள் சேதியில்லாமல் போனபோது
ஐஸ் கம்பெனி வாசலில்
உருகி ஓடும் தண்ணீரில் நின்று சொன்னேன்:
தாயே, அவர் கால் எந்தக் கரையில் படுதோ
அங்கேயிருந்து உன் வாசல்வரைக்கும்
வெறுங்காலா வாரேன்.
பாம்பனில் பட்டிருக்கலாம், தேவிபட்டினத்தில் பட்டிருக்கலாம்.
பட்டது மோர்ப்பண்ணையில்.
தொண்டிக்குத் தெற்கே.
அதுவரை அந்தப் பேரைக் காதால் கேட்டதில்லை நான்.

ஆகவே கணக்கு.
கொடியேற்றம் இருபத்தொன்பது.
ஐந்து நாள் நடை, என் முழங்காலை நம்பினால்.
இருபத்து நாலு விடியும்போது அந்த மணலில் நிற்க
இருபத்து மூன்றே கிளம்ப வேண்டும்.
ராத்தங்கலுக்குக் காரங்காட்டுக் கோயிலில்
இடம் தருவார்களாம். ‘ஆம்’தான், நிச்சயமில்லை.
சாயல்குடிவரை டவுன் வண்டி, பெண்களுக்கு டிக்கெட் கிடையாது.
ராமநாதபுரத்துக்கு உண்டு.
அங்கிருந்து விலக்குவரைக்கும் உண்டு.
காவிச் சேலை ரெண்டு, நாத்தனார் தருகிறாள்.
கால்வலித் தைலம். டார்ச். அவல்.

சந்தியாகு வரவில்லை.
பஸ் நாற்றம் குடலைப் புரட்டும் என்கிறார்.
ஆடிக் காற்றில் படகு தலைகீழாக ஆடினாலும்
பழைய சோறு கேட்கிற மனுசன்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.
பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு
மூணு வண்டியிலயும் இடப்பக்கம் உக்காருங்க,
வலப்பக்கம் வெயில் ஏறும் என்றார்.
வலைக்குப் போய்விட்டார்.

நாலு பேர் போனார்கள் அந்தப் படகில்.
மோர்ப்பண்ணையில் இறங்கியது மூன்று பேர்.

நேற்று விளக்கு வைத்த பிறகு மெர்சிலின் வந்தாள்.
கென்னடி போனபின் யார் வாசலுக்கும் வராதவள்.
உள்ளே வா என்றதற்கு வேண்டாம் என்றாள்.
மதினி, எந்த வண்டிக்குப் போறீக?
சொன்னேன்.
நானும் வரட்டுமா?
வா என்றேன், வேறென்ன சொல்ல.
கொஞ்ச நேரம் முற்றத்து மணலையே பார்த்தாள்.
ஒங்களுக்கு மோர்ப்பண்ணை இருக்கு மதினி,
நான் எங்கேயிருந்து நடக்க?

நாலு நாளாகப் போட்ட கணக்கு
அந்த இடத்தில் நின்றுவிட்டது.
என்னிடம் பதில் இல்லை.
நாலு ஐம்பதுக்கு முன்னாடியே வந்துரு,
ஆறே கால் வண்டியை நம்பாதே
என்றுதான் வந்தது வாயில்.

போன பிறகு பில்லில் அவள் பேரைச் சேர்த்தேன்.
அடியில் இன்னும் ஒரு வரி, கேள்விக்குறியோடு:
செருப்பை எங்கே கழற்றுவது?
வீட்டிலா, விலக்கிலா, அலை நனைக்கும் ஈரத்திலா?
விலக்கு டீக்கடையில் கொடுத்தால் வைத்திருப்பார்களா,
திரும்பி அந்த வழி வருவோமா,
தெரியாது.
காலையில் வாசல் பெருக்கும்போது பார்த்தேன்:
அவள் வந்து நின்ற இடத்தில்
ஐந்து விரலும் பதிந்திருந்தன.
துடைப்பத்தை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை.