வெளிநாட்டுச் சரக்கு

சனிக்கிழமை ஒன்பதரை மணிப் பேருந்தை
ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்தி
எல்லாரையும் இறக்குவார்கள்.
கன்னியக்கோயிலில் ஏறியவர்கள்
லுங்கி மடிப்பையும் வயிற்றையும்
ஒருசேர இழுத்துப் பிடித்தபடி நிற்பார்கள்.
என் பையில் டிவிடிகள்.
"வெளிநாட்டுச் சரக்கு ஏதாச்சும்?"
"இருக்கு சார். ஹங்கேரி."

வாரம் முழுக்கக் கடலூர் நகராட்சியில்
குடிநீர் வரிக்கு ரசீது கிழிக்கிறேன்.
சனிக்கிழமை மட்டும் புதுச்சேரி.
வைசியாள் வீதியில் தையல்கடை மாடி,
ஒன்பது பிளாஸ்டிக் நாற்காலி, ஆறு பேர்.
அமலோற்பவத்தின் தம்பி பிரான்சுப் பட்டாளத்தில் இருக்கிறான்,
தள்ளுபடிக் கூடையில்
யாரும் தொடாததாகப் பார்த்து அனுப்புவான்.
படம் முடிந்ததும் ரசீதின் பின்பக்கத்தில்
விமர்சனம் எழுதுவேன்.
அதற்குமேல் இடமும் கிடையாது,
பெரும்பாலும் தேவையும் கிடையாது.

பெல்ஜியம். தொண்ணூற்றிரண்டு நிமிடம்.
அப்பன் செத்ததும் புறாக்களைப் பங்கு பிரிக்கும்
மூன்று பிள்ளைகள்.
முதல் ஒரு மணிநேரம் புறாக்கள் நடிக்கின்றன, பிரமாதமாக.
பிறகு மனிதர்கள் பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அமெரிக்கா. நெப்ராஸ்கா.
ஆளரவமில்லாத பெட்ரோல் பங்கில் ஒருத்தி.
வழி கேட்பவர்களுக்கெல்லாம் தப்பாகவே சொல்கிறாள்.
ஏன் என்று சொல்லுமுன் படம் நின்றுவிடுகிறது.
தயாரிப்பாளரிடம் காசு தீர்ந்திருக்க வேண்டும்.
படம் பிழைத்தது அதனால்தான்.

போர்ச்சுகல். கழுதை, அழுகை.
கழுதை நிஜம்.

ஹங்கேரி. அணைக்கட்டு இன்ஜினியரின் மனச்சாட்சி.
மழை வரும்போதெல்லாம் வயலினும் வருகிறது.
தானே புயலன்று கூரைக்கடியில் குந்தியிருந்தவனுக்குத் தெரியும்,
மழையில் வயலின் கேட்காது,
தகரம்தான் கேட்கும்.

எஸ்தோனியா. கறுப்பு வெள்ளை.
தோணிக்காரன் ஒருவன்
இக்கரைக்கும் அக்கரைக்கும் ஆள் விடுகிறான்.
கதை அவ்வளவுதான்.
சும்மா இருப்பதை ஆழம் என்று நம்பிய இயக்குநர்.
இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் கொட்டாவி.
ஐந்துக்கு ஒன்றரை.

அந்தத் தோணியைத்தான் ஏட்டு தணிகாசலம்
டார்ச் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
அட்டையில் முதுகு காட்டி நிற்கும் ஓர் ஆள்.
"அந்த மாதிரிப் படமா?"
"எந்த மாதிரியும் இல்ல சார்."
அதில்தான் சந்தேகம் கூடிவிட்டது.
"வெச்சிட்டுப் போ. பாத்துட்டுச் சொல்றேன்."

அடுத்த சனி
வரிசையில் என் முறை வந்ததும் டிவிடியை நீட்டினார்.
"பாஷை சுத்தமாப் புரியல.
கீழ ஓடுற எழுத்தும் இங்கிலீஷு.
ஒண்ணு கேக்கறேன்.
அத்தினி பேரைக் கொண்டுபோய் எறக்கறானே,
அக்கரையில ஒரு தடவையாச்சும் காலை வெச்சானா?"

யோசித்தேன்.
பேருந்து உறுமிக்கொண்டிருந்தது.
கயிறு வீசுகிறான். மூட்டை எடுத்துக் கொடுக்கிறான்.
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இறங்கக்
கை கொடுக்கிறான்.
அவன் கால்கள்
பலகையை விட்டு எழவே இல்லை.
தொண்ணூறு நிமிடம், இரண்டு முறை,
நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன்?

"இல்ல சார். வைக்கல."
"ம்."
தடுப்புக் கட்டையில் கை ஊன்றி நின்றிருந்தார்.
அவருக்குப் பின்னால் பெண்ணையாறு,
தண்ணீர் இருக்கிறதா என்று தெரியாத இருட்டு.
"அந்தக் கல்யாண சீனுதான் ரொம்ப நீளம்.
வெட்டியிருக்கலாம்.
சரி, பாட்டிலைத் தொற."
மோந்து பார்த்தார்.
தண்ணீர்தான்.

மஞ்சக்குப்பம் வருவதற்குள்
பழைய ரசீதைத் தேடி எடுத்து
ஒன்றரையை அடித்தேன்.
வேறு எண் போடத் துணிவு வரவில்லை.
பேருந்து குலுங்க, ஓரத்து வெள்ளையில்
கோணலாக எழுதினேன்:
தோணிக்காரன் கடைசிவரை இறங்குவதில்லை.
கண்டுபிடித்தவர் ஏட்டு, எண் 2341.
கல்யாணக் காட்சி பற்றிய அவர் கருத்தை
நான் ஏற்கவில்லை.